தாழ்ப்பாள் மாரியம்மன்

மேலக்கொன்றையூர் அரசு மருத்துவமனையில் சாகிறவர்கள்கூட ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டுத்தான் சாவார்கள். நக்கலுக்குச் சொல்லவில்லை, கோப்பில் இருக்கிறது. நோயாளிகள் கருத்துப் படிவத்தில் அந்த ஆஸ்பத்திரி வாங்கியிருந்த சராசரி, ஐந்துக்கு 4.97. கும்பகோணத்துக்கும் திருவிடைமருதூருக்கும் நடுவில் எந்தக் கல்யாணச் சாப்பாட்டுக்கும் இத்தனை மார்க் கிடைத்ததில்லை.

"ஏன் 4.97? மிச்சத்த எவன் புடிச்சு வச்சிருக்கான்?" என்று கேட்டார் தலைமை மருத்துவர் பரணிதரன்.

கேட்டது ஜெயபாரதியிடம். அவள்தான் அங்கே தர மேலாளர். பட்டத்தைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். ஒரு மேசை, கால் ஆடுகிற ஒரு நாற்காலி, ஒரு கிளிப் அட்டை, அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். அதுவும் ஒப்பந்தப் பணி. தை மாதம் மதுரையிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருவார். தரச் சான்றிதழ் கிடைத்தால் பங்குனியில் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள், கிடைக்காவிட்டால் கிளிப் அட்டையை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வீட்டில் ஆறாவது படிக்கிற மகள் இருந்தாள். அறுவடை மெஷின் ஓட்டுகிற புருஷன் இருந்தான். வருஷத்தில் மூன்று மாதம் ஓட்டுவான், மிச்ச ஒன்பது மாதம் அடுத்த அறுவடையைப் பற்றிப் பேசுவான். ஆகவே அந்த வீட்டு உலை கொதித்ததெல்லாம் அந்த அட்டையை நம்பித்தான்.

"ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர் சார். மூணு நட்சத்திரம் போட்டுட்டாரு. சர்வீஸ்லயே அவரு யாருக்கும் மூணுக்கு மேல போட்டதில்லையாம்."

"அவரத் திரும்ப அட்மிட் பண்ண முடியுமான்னு பாருங்க," என்றார் பரணிதரன். பாதி விளையாட்டுக்குத்தான் சொன்னார். மற்றப் பாதியைப் பற்றி ஜெயபாரதிக்கு நிச்சயமில்லை.

இந்தப் பக்கத்து ஜனங்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பந்தியில் சாம்பார் தீய்ந்து போயிருக்கும், சோறு குழைந்து போயிருக்கும். வீட்டுக்காரர் இலைக்கு முன்னால் வந்து குனிந்து "சாப்பாடு எப்படிங்க?" என்றால், "பிரமாதங்க, ஒரு குறையும் இல்ல" என்றுதான் பதில் வரும். அதே ஆள் கை கழுவி, வெற்றிலை போட்டு, தெருமுனை திரும்பிய பிறகுதான் சமையல்காரனின் ஏழு தலைமுறையையும் இழுப்பார். முகத்துக்கு நேரே குறை சொல்வது மரியாதை கெட்ட காரியம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பெரியவர்கள் சொன்னார்கள். இவர்கள் ஊசி போட்டவரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். அதிலும் கேட்கிறவள் பேனாவோடு கட்டில் பக்கத்தில் நிற்கிறாள், அடுத்த ஊசியைப் போடப்போகிறவர்களும் அங்கேயேதான் நடமாடுகிறார்கள். ஐந்துக்குப் பத்து போடச் சொன்னாலும் போட்டிருப்பார்கள்.

தினம் முப்பது படிவம் இலக்கு. ஜெயபாரதி ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

இது போதாதென்று, ஆவணியில் மேலிடத்திலிருந்து கருத்துப் பெட்டி ஒன்று வைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. கும்பகோணம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற ரெத்தினத்திடம் சொன்னார்கள். ரெத்தினம் கோயில் உண்டியல் செய்கிறவர். ஏதோ ஒரு கோயிலுக்குச் செய்து, கும்பாபிஷேகம் தள்ளிப்போனதால் கிடப்பில் கிடந்த உண்டியல் ஒன்று அவரிடம் இருந்தது. எவர்சில்வர், இடுப்பளவு உயரம், தலையில் சின்னதாக ஒரு கலசம். "பொட்டின்னா பொட்டிதான சார்" என்று அதையே கொண்டுவந்து இறக்கி, 'கருத்துப் பெட்டி' என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார். கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால் எவனாவது எதையாவது எழுதித் தொலைப்பான் என்று, பரணிதரன் அதைப் பின்பக்கம், பெண்கள் வார்டுக்குப் போகிற வழியில், வேப்பமரத்தடியில் வைக்கச் சொன்னார்.

புரட்டாசி மழையில் ஸ்டிக்கர் உரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு வேப்பமரம், அடியில் ஒரு உண்டியல். அப்புறம் நம் ஜனங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஒரே வாரத்தில் மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றியாகிவிட்டது. ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு செங்கல்லை நிறுத்திக் குங்குமம் வைத்து மாரியம்மன் ஆக்கிவிட்டார்கள். ஜெயபாரதியும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் போனாள். அது தன் பொறுப்பில் இருக்கிற கருத்துப் பெட்டி என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

மார்கழிக் கடைசியில்தான் விஷயம் வெடித்தது. தலைமைச் செவிலியர் கமருன்னிஸா, ஆய்வுக்கான பட்டியலைப் படித்துக்கொண்டே ஜெயபாரதியின் மேசைக்கு வந்தார். கமருன்னிஸா அதிராம்பட்டினத்துக்காரர். முப்பது வருஷ சர்வீஸ், கை பஞ்சு, வாய் பச்சை மிளகாய்.

"பாரதி, இதப் பாரு. 'கடந்த மூன்று மாதங்களில் நோயாளிகள் தெரிவித்த குறைகள், எடுத்த நடவடிக்கைகள், பதிவேடு.' இது எங்க இருக்கு?"

"குறையே வரலையேக்கா."

"குறை வரலன்னா மார்க்கும் வராதாம். குறை சொல்ல வழியே வைக்கலன்னு எழுதிருவாங்களாம். பொட்டி ஒண்ணு வந்துச்சே, அது எங்க போச்சு?"

ஜெயபாரதி யோசித்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயய்யோ அக்கா! அதத்தான் நாலு மாசமா கும்புட்டுக்கிட்டு இருக்கேன்!"

சாவி மேசை டிராயரில், பிரிக்காத கவரோடு கிடந்தது. எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து இரண்டு பேரும் போய்த் திறந்தார்கள். உள்ளே வாடிய எலுமிச்சம்பழங்கள், மஞ்சள் கயிறு, கொஞ்சம் சில்லறை. அதற்கு நடுவே நூற்றுக்கு மேற்பட்ட சீட்டுகள். மருந்துச் சீட்டின் பின்பக்கம், பிஸ்கட் பாக்கெட் அட்டை, நோட்டுப் புத்தகத் தாள் என்று எது கிடைத்ததோ அதில் எழுதி, நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள். சில்லறையை ஊர்க்கோயில் உண்டியலில் சேர்த்துவிட்டு, சீட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"ஆத்தாளுக்கு எழுதுனத நாம படிக்கலாமாக்கா? பாவமில்ல?"

"ஆத்தா படிச்சிட்டு, நடவடிக்கை எடுங்கன்னு நமக்கு ஃபார்வர்டு பண்ணிருக்கான்னு நெனச்சுக்க. பிரி."

பிரித்தார்கள். கட்டிலில் கேட்டபோது குறையே இல்லை என்று சாதித்த அதே ஜனம், ஆத்தாளிடம் ஒளிவுமறைவில்லாமல் கொட்டியிருந்தது.

'தாயே, பொம்பளைங்க கக்கூசுக்குத் தாப்பா இல்ல. ஒரு கையால கதவப் புடிச்சிக்கிட்டுத்தான் உக்கார வேண்டியிருக்கு, இன்னொரு கையில ஊசி ஏத்திருக்கு. நீயும் பொம்பளதான, ஒனக்குத் தெரியாதா?'

'ஆத்தா, விடிய முன்ன ஊசி போட எழுப்புறாங்க. போடட்டும். ஏய்னு எழுப்பாம பேரச் சொல்லி எழுப்பச் சொல்லு. எம் பேரு நல்ல பேரு.'

'பெரிய டாக்டரு மூஞ்சியப் பாக்காமயே மருந்து எழுதுறாரு. எனக்கும் ஒரு மூஞ்சி இருக்குன்னு அவருக்கு எடுத்துச் சொல்லு தாயே.'

'வாட்ச்மேன் ரெங்கசாமி வாயில புண்ணு வரணும். ரொம்ப வேணாம், ஒரு வாரம் போதும்.'

'கொள்முதல் நிலையத்துல நெல்லு நனையுது, ஈரப்பதம் ஜாஸ்தின்னு எடுக்க மாட்டேங்குறாங்க.'

"இது நம்ம டிபார்ட்மென்ட் இல்லக்கா."

"தனியா வையி. ஆத்தா அவங்களையும் பாப்பா." கமருன்னிஸா அடுத்த சீட்டைப் பிரித்துச் சத்தமாகவே படித்தார்: "'முக்காடு போட்ட சிஸ்டரம்மாவுக்குத் தங்கமான கை, ஊசி போட்டதே தெரியல. வாயத் தொறந்தாத்தான் ஊசி. அந்த வாயக் கொஞ்சம் பாத்துக்க தாயே.'"

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதுனவ எவன்னு மட்டும் தெரியட்டும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "சரி, எழுதிக்க. குறை நம்பர் ஆறு. நடவடிக்கை, வாயப் பாத்துக்கிறேன்."

அவர் டீ ஊற்றத் திரும்பிய நேரத்தில் ஜெயபாரதி அடுத்ததைப் பிரித்தாள். 'தாயே, நட்சத்திரம் கேக்குற பொண்ணு என் கட்டில் பக்கம் வரப்படாது. தையல் போட்ட எடம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, இது வந்து எத்தன நட்சத்திரம்னு நிக்குது.'

அவள் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. நாலாக மடித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்த மாதிரி மொத்தம் பதினொன்று இருந்தன. தாழ்ப்பாளுக்கே ஒன்பதுதான். ஆஸ்பத்திரியிலேயே அதிகம் பேர் வெறுக்கிற ஆள், ஆஸ்பத்திரியை எவ்வளவு பேருக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்கப் போகிற ஆள்தான். தர மேலாளர்மேலேயே பதினோரு குறை என்று பதிவேட்டில் ஏறினால், சான்றிதழ் வந்தாலும் தனக்கு வேலை நிலைக்காது என்பது அவளுக்குத் தெரியும். பதினொன்றையும் கமருன்னிஸா கண்ணில் படாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் சேர்த்துவிட்டாள்.

அதில் கடைசிச் சீட்டை வீட்டுக்குப் போய்த்தான் முழுசாகப் படித்தாள். கோடு போட்ட தாளில், பெரிய பெரிய எழுத்தில், கோணல் இல்லாமல் எழுதியிருந்தது.

'மாரியாத்தா. ஐப்பசி ஒம்பதாந்தேதி ஆறாம் நம்பர் கட்டில்ல எம் புருசன் போயிட்டாரு. போயி அர மணி நேரம் ஆவல, அந்தப் பொண்ணு வந்து அவரு கால்மாட்டுல நின்னுக்கிட்டு, கவனிப்பு எப்படிம்மா, எத்தன நட்சத்திரம்னு கேட்டுச்சு. நான் அஞ்சு போட்டுக் குடுத்தேன். அதுக்கு நல்ல புத்தி குடு தாயே. தண்டிச்சிராத. அதுவும் புள்ளகுட்டிக்காரியாத்தான் இருக்கும். இப்படிக்கு வள்ளியம்மை, ஆத்தங்கரைத் தெரு.'

ஜெயபாரதிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. நல்ல மழை. முப்பதுக்கு இன்னும் மூன்று படிவம் பாக்கி. ஆறாம் நம்பரில் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டிருந்தார்கள். குளிருக்குப் போர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அவள் கட்டிலைப் பார்க்கவே இல்லை, படிவத்தைத்தான் பார்த்தாள். அந்த அம்மாள் ஐந்து நட்சத்திரத்துக்கும் பொறுமையாக வட்டம் போட்டு, பேனாவை மூடி போட்டு மூடித் திருப்பிக் கொடுத்தாள். தான் "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு ஏழாம் நம்பருக்குப் போனது வரைக்கும் இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. சீ, என்ன ஜென்மம் நான் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து அவள் கிளிப் அட்டையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் போகவில்லை. படிவங்களை வாசலில் ஒரு மேசையில் வைத்து, வேண்டியவர்கள் வீட்டுக்குப் போகும்போது எழுதட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் அந்தப் பதினோரு சீட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை. புத்தி வந்ததென்னவோ உண்மை. அதை ஊருக்குச் சொல்லுகிற தைரியம்தான் வரவில்லை.

மற்ற சீட்டுகளுக்கு வேலை மும்முரமாக நடந்தது. தாழ்ப்பாளுக்குப் பொதுப்பணித் துறைக்கு எழுதிப் போட்டால் அடுத்த ஆடிக்குத்தான் வரும் என்பதால், கமருன்னிஸா ரெத்தினத்தைக் கூப்பிட்டு, "உன் உண்டியலாலதான்யா இவ்வளவும்" என்று ஆரம்பித்தார். ரெத்தினம் மேற்கொண்டு கேட்காமல் ஏழு கதவுக்கும் தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தார். நர்சுகள் பேர் சொல்லி எழுப்பினார்கள். மூஞ்சி விவகாரச் சீட்டைப் பரணிதரன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்கள். மறுநாள் அவர் நிமிர்ந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்ததில், தங்களுக்குப் பெரிய வியாதி வந்துவிட்டது என்று நாலைந்து பேர் பயந்து அழுதார்கள். நாளாக நாளாகப் பழகிவிட்டது.

ரெங்கசாமிக்கு நிஜமாகவே வாயில் புண் வந்தது. தற்செயல்தான், வெற்றிலைச் சுண்ணாம்பு. ஆனால் சீட்டைப் படித்துக் காட்டிய பிறகு அவரிடம் தற்செயல் என்று யார் சொல்ல முடியும்? "வாங்கம்மா, பாத்துப் போங்கம்மா" என்று வாசலில் நிற்க ஆரம்பித்தார்.

வேண்டியதெல்லாம் நடக்கிறது என்று தெரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரி ஆத்தாளுக்குத் தாழ்ப்பாள் மாரியம்மன் என்று பேர் விழுந்தது. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் சீட்டோடு வந்தார்கள். பெட்டியை வெள்ளிக்கிழமை தோறும் திறக்க வேண்டியதாயிற்று.

ஆய்வுக்கு முதல் நாள் பரணிதரன் புதிய சராசரியைப் பார்த்தார்.

"மூணு புள்ளி எட்டா? என்னம்மா இது, நாலு வாரத்துல இப்படிக் கவுத்திட்டீங்க?"

"இப்ப அவங்களே வீட்டுக்குப் போறப்ப எழுதுறாங்க சார்."

"அவங்கள எதுக்கு எழுத விட்டீங்க? நாளைக்கு அந்தப் பழைய 4.97 கோப்பத்தான் மேல வைக்கணும். அந்த உண்டியலையும் இன்னிக்கே தூக்கிருங்க. ஆஸ்பத்திரியா கோயிலான்னு கேப்பாங்க."

உண்டியலைத் தூக்கச் சொன்னால் ரெங்கசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "வேலைய விட்டு வேணாத் தூக்குங்க சார். அதத் தூக்க மாட்டேன். இப்பத்தான் காரம் சாப்புடுறேன்." வேறு யாரும் முன்வரவில்லை. கடைசியில் வார்டில் இருந்த மறைப்புத் திரையை உருட்டிக்கொண்டு வந்து உண்டியலுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

அது இன்னும் மோசமாயிற்று. அம்மனுக்கு முன்னால் திரை போட்டிருந்தால் உள்ளே அலங்காரம் நடக்கிறது, தீபாராதனை வரப்போகிறது என்றுதானே நம்முடைய ஆட்களுக்கு அர்த்தம். மறுநாள் காலை பத்து மணிக்குத் திரைக்கு முன்னால் முப்பது பேர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆய்வாளர் டாக்டர் அன்சார் அதிகம் பேசாத மனிதர். 4.97 கோப்பைப் புரட்டினார், மூடி வைத்தார். குறைகள் பதிவேட்டைப் பிரித்ததும்தான் முகம் மாறியது. நாற்பத்து மூன்று குறை, ஒவ்வொன்றுக்கும் எதிரே நடவடிக்கை, தேதி, கையெழுத்து.

"'வாயைப் பார்த்துக்கொள்கிறேன்.' இது யாரு?"

"நான்தான் சார்," என்றார் கமருன்னிஸா.

"பாத்துக்கிறீங்களா?"

"முயற்சி பண்றேன் சார்."

அன்சார் லேசாகச் சிரித்தார். "இவ்வளவு வெளிப்படையா யாரும் எழுதித் தர மாட்டாங்க. எங்க வாங்குனீங்க இதெல்லாம்?"

பரணிதரன் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகப் புகை வந்தது. கூடவே ரெங்கசாமியின் குரல்.

"தாயே, ஆஸ்பத்திரிக்குள்ள அடுப்பு மூட்டக் கூடாதும்மா. அதுவும் நீங்க துக்க வருசம், வீட்டுல புள்ளப்பேறு தீட்டு வேற. பொங்க வைக்கலாமா, நீங்களே சொல்லுங்க."

"தீட்டுப் பாத்தா ஆத்தா ஆஸ்பத்திரியில வந்து ஏன்யா உக்காருறா? இங்க தெனம் சாவுதான், தெனம் பொறப்புதான். நகரு, நெருப்பு அணையுது."

அன்சார் எழுந்து வெளியே நடந்தார். எல்லோரும் பின்னால் ஓடினார்கள். வேப்பமரத்தடியில், திரைக்குப் பக்கத்தில், மூன்று செங்கல்லை வைத்து வெண்கலப் பானையில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள் அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பேனாவை மூடிக் கொடுத்த அந்தக் கையை ஜெயபாரதிக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது.

"என்னம்மா வேண்டுதல்?" என்று கேட்டார் அன்சார்.

வள்ளியம்மை பானையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எம் புருசன் செத்த அன்னிக்கு ஒரு பொண்ணு வந்து, பொணத்து கால்மாட்டுல நின்னு மார்க்கு கேட்டுச்சுய்யா. அதுக்குப் புத்தி வரணும்னு சீட்டு போட்டேன். போன வாரம் மருமவளுக்கு இங்கதான் பிரசவம். அதே பொண்ணு வந்துச்சு, கையில அட்டையக் காணோம். 'தூங்குனியா'ன்னு கேட்டுட்டுப் போயிருச்சு. சரி, பலிச்சிருச்சுன்னு பொங்க வைக்க வந்தேன். எங்க வயல் புது அரிசி."

"யாரு அந்தப் பொண்ணு?"

வள்ளியம்மையின் பார்வை ஒருமுறை ஜெயபாரதிமேல் பட்டு, நகர்ந்து பானைக்குப் போயிற்று. "பேரு எதுக்குய்யா? பொழச்சிட்டுப் போவட்டும்."

பரணிதரன் மூச்சு விட்டார். அன்சார் பதிவேட்டைப் புரட்டினார். "இந்தக் குறை இதுல இல்லையே?"

சும்மா நின்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சான்றிதழ், நீட்டிப்பு, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்து மௌனத்தில் பத்திரமாக இருந்தன. ஜெயபாரதி நிற்கத்தான் நினைத்தாள். ஆனால் தன்னைக் காட்டிக்கொடுக்காத அந்த அம்மாளின் முன்னால் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது, அன்றைக்கு நட்சத்திரம் கேட்டதைவிடக் கேவலமாக இருந்தது. பையைத் திறந்து பதினோரு சீட்டையும் எடுத்து நீட்டினாள்.

"நான்தான் சார் அது. மொத்தம் பதினொண்ணு. வேலை போயிரும்னு மறைச்சு வச்சிட்டேன்."

"பாரதி!" என்றார் கமருன்னிஸா.

அன்சார் பதினொன்றையும் நின்றபடியே படித்தார். கடைசிச் சீட்டை இரண்டு முறை படித்தார். "நடவடிக்கை?"

"கட்டில்ல போயி கேக்குறத நிறுத்திட்டேன் சார்."

"அதனால?"

"மார்க் 3.8 ஆயிருச்சு சார்."

பரணிதரன் கண்ணை மூடிக்கொண்டார். அன்சார் நோட்டில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்த ரெங்கசாமிக்கு ஆங்கிலம் தெரியாது.

வள்ளியம்மை இதற்குள் வாழையிலைத் துண்டுகளில் பொங்கலை எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். ரெங்கசாமியோடு வாக்குவாதம் பண்ணிய நேரத்தில் பானை நன்றாக அடிப்பிடித்திருந்தது. வாயில் வைத்ததுமே தெரிந்தது.

"எப்படிங்கய்யா இருக்கு?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார், ஊர் ஊராகப் போய்த் தரம் அளக்கிற அன்சார்.

"பிரமாதம்!" என்றார் பரணிதரன்.

வள்ளியம்மை ஜெயபாரதியிடம் திரும்பினாள். "நீ சொல்லு."

ஜெயபாரதி மென்று விழுங்கினாள். "அடி புடிச்சிருக்குங்கம்மா. வெல்லமும் பத்தல."

"அதான பாத்தேன்!" வள்ளியம்மை முகம் மலர்ந்துவிட்டது. "புத்தி வந்துருச்சு ஒனக்கு. சரி, நான் அன்னிக்குப் போட்ட பேப்பர் இருக்கா?"

ஜெயபாரதி ஓடிப்போய் 4.97 கோப்பைக் கொண்டுவந்தாள். ஐப்பசி ஒன்பது, ஆறாம் நம்பர் கட்டில். வள்ளியம்மை அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, படிவத்தை உண்டியல்மேல் வைத்து, ஒவ்வொரு நட்சத்திரமாக அடித்தாள்.

"இது, மழையில கட்டில்மேல ஒழுகுன கூரைக்கு. இது, ரெண்டு தரம் கூப்புட்டும் வராத டாக்டருக்கு. இது, பொணத்தத் தூக்க வண்டி இல்லன்னு சாயங்காலம் வரைக்கும் ஒக்கார வச்சதுக்கு. இது ஒனக்கு." ஐந்தாவதில் பேனா நின்றது. "இது இருக்கட்டும். கடைசியா அவரு தண்ணி கேட்டப்ப இந்த சிஸ்டரம்மாதான் ஸ்பூனால ஊத்துனாங்க."

கமருன்னிஸா சட்டென்று திரும்பி, "ஏன்யா ரெங்கசாமி, அடுப்ப அணைக்கணும்னு தோணாதா ஒனக்கு?" என்று காரணமில்லாமல் கத்தினார். முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

வள்ளியம்மை பேனாவை மூடி போட்டு மூடி, ஜெயபாரதியிடம் கொடுத்தாள். "இதனால ஒனக்கு வேலை போயிருமா?"

"தெரியலங்கம்மா."

"ம்," என்றாள் வள்ளியம்மை. அன்சார் அந்தப் படிவத்தை மட்டும் கேட்டு வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

பங்குனியில் சான்றிதழ் வந்தது, தட்டுத்தடுமாறி, பாஸ் மார்க்குக்கு இரண்டு மார்க் மேலே. குறை கேட்கிற பகுதிக்கு மட்டும் முழு மார்க். ஜெயபாரதிக்கு ஆறு மாதம் நீட்டிப்பு. பதிவேட்டைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்றார் கமருன்னிஸா. தான் மேலே பேசியதால்தான் கிடைத்தது என்றார் பரணிதரன். ஜெயபாரதி யாரையும் மறுக்கவில்லை. ஆய்வு முடிந்த அன்று சாயங்காலமே பெட்டியில் விழுந்திருந்த சீட்டு ஒன்று அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. கோடு போட்ட தாள், பெரிய எழுத்து.

'மாரியாத்தா, அந்தப் பொண்ணு வேலை போயிறப்படாது. புத்தி இப்பத்தான் வந்துருக்கு, வீணாப் போயிரும். இந்தத் தரம் வெல்லம் கூடப் போட்டு வைக்கிறேன்.'